குவீன் ஸ்திரீட்டிலிருந்து கிளம்பிய சைக்கிள்

(சிங்கப்பூரின் தேக்காவில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சைக்கிளைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறவன் என்பதால் இந்த மேடையில் என்னை நிறுத்தியிருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். அதைவிட, இந்த எழுத்தில் எனக்கு முன்னே போன ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்துவைப்பது மேல் என்று எனக்குத் தோன்றியது. அவர் பெயர் ராம்நாத் பிஸ்வாஸ். வங்காளி. அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அவர் உலகம் சுற்றக் கிளம்பிய இடம் கல்கத்தா இல்லை, இந்தச் சிங்கப்பூர்.

1931 ஜூலை 7. தேக்காவிலிருந்து காலாற நடந்தால் போய்விடக்கூடிய குவீன் ஸ்திரீட். சிங்கப்பூர் இந்தியர்கள் கூடி நின்று வழியனுப்ப, முப்பத்தேழு வயது மனிதர் ஒருவர் சைக்கிளில் ஏறினார். அவரிடம் இருந்தவை ஒரு ஜோடிச் செருப்பு, போர்த்திக்கொள்ள இரண்டு சால்வை. பின்னால் கேரியரில் ஒரு பெட்டி, அதற்குள் வண்டியைப் பழுதுபார்க்கும் சாமான்கள். உலகம் சுற்றும் இந்துப் பயணி என்று ஆங்கிலத்தில் எழுதிய பலகை ஒன்று வண்டியில் தொங்கியது. இவ்வளவுதான் மூட்டை.

அந்தத் தெருவை உங்களில் பலருக்குத் தெரியும். 1912 முதல் சீக்கியர்களின் மத்திய குருத்வாரா அங்கேதான் இருந்தது. 1980களில்தான் டவுனர் சாலைக்கு மாறியது. இன்றைக்கும் ஜோகூர் பாருவுக்கு பஸ் பிடிக்க நாம் குவீன் ஸ்திரீட்டுக்குத்தான் போகிறோம். வெள்ளிக்கிழமை மாலை பாஸ்போர்ட்டும் கையுமாக அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். வடக்கே கிளம்புகிறவர்களின் தெரு அது, அன்றும் இன்றும்.

அவர் கிளம்பிய காலத்தையும் கவனிக்க வேண்டும். ஜோகூர் கடற்பாலத்தை முறையாகத் திறந்தது 1924 ஜூனில். அதற்கு முன் இந்தத் தீவிலிருந்து கிளம்பும் எந்தச் சைக்கிள்காரனும் முதலில் படகு ஏறியாக வேண்டும். பாலம் வந்த பிறகு, ஒரு கிலோமீட்டர் சொச்சத் தூரத்தை மிதித்துக் கடந்தால் மலாயா. அங்கிருந்து நிலத்தை விடாமல் சயாம். அதற்கப்பால் இந்தோசீனா, சீனா. கப்பல் துறைமுகமாகவே உலகம் அறிந்திருந்த சிங்கப்பூர், ஆசியா முழுவதற்கும் ஒரு சாலையின் தொடக்கமாக மாறி ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. அதைச் சைக்கிள்காரனின் கண்ணோடு கண்டுகொண்டவர் ராம்நாத். இதைத்தான் நான் அறிவு என்கிறேன். வரைபடத்தில் எல்லாருக்கும் தெரிகிற கோடு, மிதிக்கிறவனுக்கு மட்டும் வழியாகத் தெரிகிறது.

அவர் எங்கிருந்து வந்தார்? 1894இல் சில்ஹெட் பகுதியில் பானியாசோங் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது வங்காளதேசத்தின் ஹபிகஞ்ச் மாவட்டம். உலகத்திலேயே பெரிய கிராமம் எங்கள் ஊர்தான் என்று அந்த ஊர்க்காரர்கள் மார்தட்டுவார்கள். தகப்பனார் இறந்துவிட, எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஹபிகஞ்சில் ஒரு சுதேசி அமைப்பில் வேலை. அதன் மோட்டார் பட்டறையில் வண்டி ஓட்டக் கற்றார். சைக்கிள் பழகியதும் அந்தக் காலத்தில்தான். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்த ரகசியக் குழுவான அனுசீலன் சமிதியோடு தொடர்பு. அது வெளியே தெரிந்து வேலை போனது. முதல் உலகப் போரில் வங்காளப் படையோடு மெசபொடேமியாவுக்குப் போனார். 1924இல் வேலை கிடைத்து மலாயாப் பக்கம் வந்தார். ஏழு வருடம் கழித்து அந்த வேலையை உதறிவிட்டுச் சைக்கிள் ஏறினார்.

முதல் பயணம் மலாயா, சயாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான் வழியாகக் கனடா வரை. 1934இல் மறுபடி கிளம்பி ஆப்கானிஸ்தான், பாரசீகம், ஈராக், சிரியா, துருக்கி, பால்கன் நாடுகள், ஜெர்மனி, பிரான்ஸ் என்று இங்கிலாந்து வரை. 1938இல் மூன்றாவது முறை ஆப்பிரிக்காவும் அமெரிக்காவும். 1940இல் திரும்பினார். கல்கத்தாவின் ‘தேஷ்’ பத்திரிகையில் தொடர்களாக வந்தவையும் மற்றவையுமாக முப்பதுக்கு மேற்பட்ட புத்தகங்கள். பிரிவினைக்குப் பிறகு கல்கத்தாவில் குடியேறி, ‘பர்யாடக் பிரகாஷனா பவன்’ என்று பயணியின் பெயரிலேயே ஒரு பதிப்பகம் நடத்தினார். 1955 நவம்பர் 1 அன்று காலமானார்.

வாழ்க்கைக் குறிப்பை இதோடு விடுகிறேன். நான் பேச வந்தது அவருடைய எழுத்துத் தொழிலைப் பற்றி.

வங்காளம் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். அவரை எனக்குப் படித்துக் காட்டியவர் ஹபிகஞ்ச் பக்கத்து நண்பர் ஒருவர். இங்கே கட்டுமான வேலை செய்கிறவர். லெம்பு சாலைத் திடலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் உட்கார்ந்து, ஒரு பத்தி படிப்பார், அதைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் மலாயிலும் எனக்குச் சொல்வார், அடுத்த பத்திக்குப் போவார். சுற்றி நூற்றுக்கணக்கானவர்கள் போனில் ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தையும் தாண்டி அந்த வாக்கியங்கள் எனக்குப் புரிந்தன என்பதே அவற்றுக்கு நான் கொடுக்கிற முதல் மதிப்பெண். அலங்காரம் கிடையாது. சம்ஸ்கிருதச் சொல் அடுக்கு கிடையாது. அதே சில்ஹெட் மாவட்டத்திலிருந்து வந்த சையது முஜ்தபா அலி, காபூல் வாழ்க்கையை வைத்து ‘தேஷே பிதேஷே’ எழுதி வங்க உரைநடையின் சிகரங்களில் ஒருவரானார். பல மொழி கற்ற பண்டிதர் அவர். எட்டாம் வகுப்போடு நின்ற ராம்நாத்துக்கு அந்த இலக்கிய மதிப்பு கிடைக்கவில்லை. நான் முஜ்தபா அலியையும் வணங்குகிறேன். ஆனால் சைக்கிளில் போகிறவனுக்கு ராம்நாத்தின் வாக்கியம்தான் கூட வரும்.

ஏன் என்று சொல்கிறேன்.

சைக்கிள் எழுத்துக்கு ஒரு கண்டிப்பு உண்டு. வாசகன் அதை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விடுவான். ஷெல்டன் பிரவுன் என்று ஓர் அமெரிக்கர், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர், 2008இல் காலமானார். சைக்கிளின் ஒவ்வொரு உறுப்பைப் பற்றியும் அவர் எழுதிவைத்ததைப் படிக்காத மெக்கானிக் உலகில் குறைவு. டயர் அளவைப் பற்றி அவர் எழுதியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்கர் சாலைப் பக்கம் பழைய சைக்கிள் ஒன்றை வாங்குகிற ஊழியர் தம்பி, டயரில் 26 என்று போட்டிருப்பதைப் பார்த்து இன்னொரு 26 வாங்கி வருவான். பொருந்தாது. ஒன்று ரிம்மில் உட்காரும் விட்டம் 590 மில்லிமீட்டர், மற்றது 559. பெயர் ஒன்று, சக்கரம் வேறு. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28க்கு 635. இன்றைய ரேஸ் சைக்கிளுக்கு 622. பெயரை நம்பாதே, மில்லிமீட்டரைப் பார் என்று பிரவுன் பட்டியல் போட்டுக் கொடுத்தார். அதில் ஓர் எண் தப்பாக இருந்திருந்தால், உலகத்தில் எங்கோ ஒருவன் டயரும் கையுமாக நடந்தே வீடு போயிருப்பான். இந்த வகை எழுத்தில் பொய்க்கு ஆயுள் குறைவு.

பயண எழுத்திலும் அதே கண்டிப்பு இருக்க வேண்டும். இருப்பதில்லை. ராம்நாத்துக்கு முப்பத்தேழு வருடத்துக்கு முன்னால் ஆனி லண்டன்டெரி என்ற பெண்மணி உலகம் சுற்றினார். 1894இல் பாஸ்டனில் கிளம்பி 1895இல் திரும்பினார். கப்பல் வழியில் சிங்கப்பூரையும் தொட்டார். லண்டன்டெரி என்பதே ஒரு தண்ணீர் கம்பெனியின் பெயர். விளம்பரத்துக்காக நூறு டாலர் வாங்கிக்கொண்டு அந்தப் பெயரைச் சூடிக்கொண்டார். மூன்று குழந்தைகளின் தாய், அந்தக் காலத்தில், அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தியாவில் புலி வேட்டையாடினேன் என்பது போன்ற கதைகளைப் பத்திரிகைகளுக்கு அளந்துவிட்டார். அவர் பார்த்த உலகம் அந்தக் கதைகளுக்கு அடியில் புதைந்துபோனது. நமக்கு அது நஷ்டம். அந்த 1895ஆம் வருடச் சிங்கப்பூரை ஒரு பெண் சைக்கிள்காரியின் கண்ணால் இன்று நாம் படித்துக்கொண்டிருக்கலாம்.

இன்னொருவர், தாமஸ் ஸ்டீவன்ஸ். பெரிய முன் சக்கரம் வைத்த பழைய சைக்கிளில் உலகம் சுற்றிய முதல் மனிதர். 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி 1886 டிசம்பரில் யோகஹாமாவில் முடித்தார். லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் நாட்டுப் பெருவழிச் சாலையிலும் மிதித்தார். நல்ல எழுத்தாளர். மாற்றுச் சட்டை, காலுறை, கூடாரமாகவும் உதவும் மழைக்கோட்டு, கைத்துப்பாக்கி ஆகியவை அவர் மூட்டை. 1963இல் அயர்லாந்திலிருந்து டெல்லிக்கு மிதித்துவந்த டெர்வ்லா மர்ஃபி, எனக்கு மிகவும் பிடித்தவர், அவரும் துப்பாக்கி வைத்திருந்தார். அதைப் பயன்படுத்தவும் நேர்ந்தது. இப்போது ராம்நாத்தின் மூட்டையை நினைத்துப் பாருங்கள். செருப்பு, இரண்டு சால்வை, பஞ்சர் சாமான். அடிமை நாட்டு மனிதனுக்குத் துப்பாக்கி எளிதில் கிடைக்கிற பொருளும் இல்லை. அப்படியானால் அவர் எதை நம்பிப் போனார்? எதிரே வருகிற மனிதனை நம்பி. பேசித்தான் சோறு, பேசித்தான் படுக்கை, பேசித்தான் வழி. அந்த நிர்ப்பந்தம் அவரை எழுத்தாளர் ஆக்கியது என்பது என் கணிப்பு.

பஞ்சர் ஆவதை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றி, டயர் விளிம்பை நெம்பி, டியூபை உருவி, காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கி முட்டை வருகிற இடத்தைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்து, ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். தெரியாத ஊரில் இதற்கு முதலில் என்ன வேண்டும்? ஒரு வாளித் தண்ணீர். அதைக் கேட்க ஒரு வாசலுக்குப் போயாக வேண்டும். யார் கொடுக்கிறார்கள், யார் வாளியைத் தொடவிடாமல் தள்ளி நின்று ஊற்றுகிறார்கள், எந்தப் பிள்ளை வந்து பம்பை வாங்கி அடிக்கிறது என்பதெல்லாம் சொல்யூஷன் காயும் அந்தச் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். ரயிலில் போகிறவனுக்கும் கப்பலில் போகிறவனுக்கும் இந்தப் பாடம் கிடையாது. அவன் பார்க்கிற ஊர் அவனுக்காகத் துடைத்துவைத்த ஊர்.

அதனால்தான் ராம்நாத்தின் ஆப்பிரிக்க, அமெரிக்கப் பயண நூல்களில் நிறவெறி ஒரு தலைப்பாக வராமல், இருட்டுகிற நேரத்துப் பிரச்சினையாக வருகிறது. ‘அந்தகாரேர் ஆஃப்ரிகா’, ‘ஆஜ்கேர் அமெரிக்கா’ என்பவை அவர் நூல்கள். 1938இல் அவர் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது தென்னாப்பிரிக்காவில் ‘அபார்தைட்’ என்னும் நிறவெறிக் கொள்கை சட்டங்களாக இறுக இன்னும் பத்து வருடம் இருந்தது. ஆனால் தோலைப் பார்த்துக் கதவைச் சாத்துவது அப்போதே பழக்கம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதற்குச் சட்டமே இருந்தது. களைத்து வந்த மனிதனுக்குப் படுக்க இடம் தருகிறார்களா இல்லையா என்பதை விடப் பெரிய ஆராய்ச்சி என்ன இருக்கிறது? அந்த அறிவு புத்தகசாலையில் கிடைக்காது. அதே சமயம், பட்டதை எல்லாம் எழுத்தில் கொட்டிவிட்டால் அது புலம்பல் ஆகிவிடும். ராம்நாத் தன் களைப்பை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டுக் கதவைச் சாத்தியவனையும் திறந்தவனையும் பற்றி எழுதப் போய்விடுகிறார். இதை நான் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறேன். முழங்கால் வலியைப் பற்றி மூன்று பக்கம் எழுதும் இன்றைய சைக்கிள் எழுத்தாளர்கள் இதைக் கற்க வேண்டும். நானும் அந்த வரிசையில் நின்று கற்கிறேன்.

நம் தமிழில் இந்தப் பண்பு யாரிடம் இருந்தது என்று யோசித்தால் உடனே ஏ.கே. செட்டியார் நினைவுக்கு வருகிறார். ராம்நாத் சுற்றிய அதே முப்பதுகளில் அவரும் உலகம் சுற்றினார். காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுக்க ஒரு லட்சம் மைல் அலைந்து 1940இல் அதை வெளியிட்டார். கப்பலிலும் ரயிலிலும் போனவர். ஆனால் தன்னைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, பார்த்ததை முன்னால் நிறுத்தும் அடக்கம் இருவருக்கும் பொது. இருவரும் ஒரே காலத்து அலைச்சல்காரர்கள். எங்காவது சந்தித்திருக்கக் கூடாதா என்று ஆசையாக இருக்கிறது.

சைக்கிளைப் பற்றித் தமிழ் மண்ணிலிருந்து வந்த மிகச் சிறந்த எழுத்து எது என்று கேட்டால், தயங்காமல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் புதுக்கோட்டையைப் பற்றி எழுதியதைச் சொல்வேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. ஆயிரமாயிரம் பேர் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளி, அங்கன்வாடி ஊழியர் என்று எல்லாரும். இந்தச் செய்தியை எவரும் எழுதலாம். சாய்நாத் எழுதிய ஒரு விவரத்தைப் பாருங்கள். அந்தப் பெண்கள் லேடீஸ் சைக்கிளை விட ஜென்ட்ஸ் சைக்கிளை விரும்பினார்கள், ஏனென்றால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இருக்கும் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம். ஒரு பார். அதில் அந்த மாவட்டத்துப் பெண்ணின் ஒரு நாள் முழுவதும் இருக்கிறது: காலையில் பிள்ளையை விட, பிறகு தண்ணீர் எடுக்க, பிறகு வேலைக்கு. விடுதலை, முன்னேற்றம் என்று பெரிய வார்த்தைகள் தேடாமல் அந்தப் பாரைப் பார்த்தாரே, அந்தக் கண்ணுக்குத்தான் என் வணக்கம். ராம்நாத்துக்கு இருந்ததும் அந்தக் கண்.

ராம்நாத் தனி ஆளும் இல்லை. பம்பாயிலிருந்து 1923 அக்டோபரில் ஆறு பார்சி இளைஞர்கள் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் 1928 மார்ச்சில் சுற்றி முடித்துத் திரும்பினார்கள். அவர்களுடைய புத்தகம் வந்ததும் 1931இல்தான். அது வீரம் நிறைந்த நூல், பாலைவனமும் பனியும் பசியும் அதில் உண்டு. உடல் பலத்தில் அவர்களே மேல் என்றுகூடச் சொல்லலாம். எழுத்தில் நான் ராம்நாத் பக்கம். அவர்கள் சாலையை வென்றார்கள், அவர் சாலையில் குடியிருந்தார்.

இதையெல்லாம் சிங்கப்பூரில் நின்று ஏன் சொல்கிறேன்? இந்த ஊரில் சைக்கிளுக்கு இன்று நல்ல காலம். பூங்கா இணைப்புப் பாதைகள் தீவெங்கும் ஓடுகின்றன. 2011இல் ரயில் நின்ற பிறகு, தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் பழைய ரயில் தடம் பசுமைப் பாதையாகி வருகிறது. 2017இல் பென்கூலன் ஸ்திரீட்டை ஒழுங்குபடுத்தியபோது நகரத்தின் நடுவே சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டார்கள். குவீன் ஸ்திரீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வாரக் கடைசியில் விலையுயர்ந்த சைக்கிளில் கூட்டமாகப் போகிறவர்களைப் பார்க்கிறோம். அதே ஊரில், விடுதியிலிருந்து கடைக்கும் தேக்காவுக்கும் பழைய சைக்கிளில் வருகிற ஊழியர்கள் இருக்கிறார்கள். பஸ் காசை மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறவர்கள். அவர்களுக்கு இந்த நகரத்தின் ஒவ்வொரு மேடும் முழங்காலில் தெரியும். வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி 2014இல் இங்கே தொடங்கியது. வங்காளதேசத்துத் தோழர்கள் நல்ல கவிஞர்கள் என்று ஊருக்குத் தெரிந்தது. அவர்களில் ஒருவர் தன் சைக்கிள் வழியை உரைநடையில் எழுதினால், ராம்நாத்தின் நேர் வாரிசு அவர்தான் என்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பானியாசோங்கில், ராம்நாத் பிறந்த வீட்டை மீட்டுப் பாதுகாக்க வேண்டும் என்று அந்த நாட்டுச் சைக்கிள்காரர்களும் எழுத்தாளர்களும் ஊர்வலம் போனார்கள். அவர்கள் தங்கள் பக்கத்து வேலையைச் செய்கிறார்கள். அவர் கிளம்பிய ஊர்க்காரர்களான நமக்கும் ஒரு பங்கு உண்டு.

இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, குவீன் ஸ்திரீட்டில் ஒரு சிறு பலகை. 1931 ஜூலை 7 என்ற தேதியும் அவர் பெயரும் போதும். நான்கு அதிகாரத்துவ மொழிகளோடு வங்காளத்திலும் இருக்கட்டும். இதற்கு மனு எழுத நான் தயார். கையெழுத்துப் போட நீங்கள் வர வேண்டும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. வங்காளமும் தமிழும் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறீர்கள். சாந்திநிகேதனில் படித்தவர்கள் இருக்கலாம், கல்கத்தாவில் வளர்ந்த தமிழர்கள் இருக்கலாம், டாக்காக்காரரை மணந்தவர்கள் இருக்கலாம். ‘அந்தகாரேர் ஆஃப்ரிகா’விலிருந்து தொடங்குங்கள். 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போன நம் மக்களின் பேரப்பிள்ளைகள் வாழ்ந்த கண்டத்தில் அவர் சைக்கிள் மிதித்த காலத்துப் புத்தகம் அது. ஓர் அத்தியாயம் தமிழில் முடித்தவுடன் எனக்குச் சொல்லியனுப்புங்கள். லெம்பு சாலை நண்பர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அச்சுச் செலவை நான் ஏற்கிறேன்.